அரிட்டாபட்டி மலையும் ஊர்மக்களும்: பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்றால் என்ன?

மதுரையிலிருந்து மேலூர் போகும் நான்குவழிச் சாலையில் ஒத்தக்கடைப் பக்கம் வரும்போது இடப்புறம் யானைமலை படுத்திருக்கும். அதைக் கடந்து இன்னும் கொஞ்ச தூரம் போனால் அதே பக்கம், வயல்களுக்கு அப்பால் பாறைக் குன்றுகள் சில தெரியும். அரிட்டாபட்டிக் குன்றுகள் அவை. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி உயரமும் கிடையாது, குளிரும் கிடையாது. பஸ்ஸில் போகிறவர்களில் பெரும்பாலோர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இந்தக் குன்றுகளைத்தான் 2022 நவம்பர் 22 அன்று தமிழ்நாடு அரசு மாநிலத்தின் முதல் 'பல்லுயிர் பாரம்பரியத் தலம்' என்று அறிவித்தது. இரண்டே ஆண்டுகளில், 2024 நவம்பரில், அந்த இடத்தையும் உள்ளே வைத்து வளைத்த பெரிய நிலப்பரப்பு ஒன்று டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் போய்விட்டது என்று செய்தி வந்தது. அப்போது நிறையப் பேர் கேட்டது ஒரே கேள்விதான்: பாதுகாக்க வேண்டிய இடம் என்று அரசே அறிவித்த பிறகு அதை எப்படி ஏலத்தில் விட முடியும்?

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்ற அறிவிப்பு ஓர் இடத்துக்கு எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை என்பது தெரிய வேண்டும். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த அறிவிப்புக்குச் சுற்றியுள்ள ஊர்மக்கள்தான் பலம். பேச்சுக்காகச் சொல்லவில்லை, சட்டமே அந்த எண்ணத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

சரணாலயம் வேறு, இது வேறு

காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா என்ற சொற்களை எல்லோரும் கேட்டிருப்போம். இவற்றில் காப்புக்காடு வனச் சட்டத்தின்கீழ் வருவது. மற்ற இரண்டும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. மூன்றிலும் அடிப்படை ஒன்றுதான். இடத்துக்கு எல்லை போடுவார்கள், வனத்துறை பொறுப்பேற்கும், உள்ளே யார் போகலாம், என்ன செய்யலாம் என்பதற்கு விதிகள் வரும். தேசியப் பூங்காவில் மேய்ச்சலுக்குக்கூட இடமில்லை. இந்த ஏற்பாட்டால் பல காடுகள் பிழைத்திருக்கின்றன, அதை மறுக்க முடியாது. ஆனால் நேற்றுவரை ஆடு ஓட்டிக்கொண்டு போன பாதையில் இன்று ஒரு தடுப்பு நின்றால், அந்த ஆட்டுக்காரருக்கு அது என்னவாக இருக்கும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்பது வேறொரு சட்டத்தில் பிறந்தது. உயிரியல் பன்மைச் சட்டம் 2002, அதில் 37-ஆம் பிரிவு. பல்லுயிர் வளத்தில் முக்கியமான ஓர் இடத்தை, உள்ளாட்சி அமைப்புகளோடு கலந்து பேசி, மாநில அரசு அரசிதழில் அறிவிக்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. 'உள்ளாட்சி அமைப்புகளோடு கலந்து பேசி' என்ற சொற்களைக் கவனியுங்கள். ஊராட்சியைக் கேட்காமல் இந்த அறிவிப்பை வெளியிடச் சட்டத்தில் வழியில்லை. அறிவிப்பால் யாருடைய பிழைப்பாவது பாதிக்கப்பட்டால், இழப்பீட்டுக்கோ மறுவாழ்வுக்கோ மாநில அரசு திட்டம் வகுக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

இதற்காகத் தேசியப் பல்லுயிர் ஆணையம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. (இந்த ஆணையத்தின் தலைமையகம் நம் சென்னையில்தான், தரமணியில் இருக்கிறது. பலருக்கு இது தெரியாது.) ஒரு பகுதியைப் பாரம்பரியத் தலமாக அறிவிப்பதால் அங்குள்ள மக்களின் வழக்கமான பயன்பாடுகளுக்குத் தடை வராது, மக்கள் தாங்களே விரும்பி ஏற்கும் கட்டுப்பாடுகள் மட்டுமே இருக்கும் என்பது அந்த நெறிகளின் சாரம்.

நடைமுறையில் இது என்ன என்று பார்ப்போம். மலையடிவாரத்தில் ஆடு மேய்ப்பவர் மேய்த்துக்கொள்ளலாம். மலைமேல் இருக்கும் சாமிக்குப் பொங்கல் வைக்கலாம். பட்டா நிலம் பட்டாதாரர் பெயரிலேயே இருக்கும். 'இனப்பெருக்கக் காலத்தில் இந்தப் பாறைப் பக்கம் யாரும் போக வேண்டாம்' என்று ஊர் கூடி முடிவெடுத்தால், அது ஊர் போட்ட கட்டுப்பாடு, ஊர்தான் அதைக் காக்கும்.

இதனால்தான் 'தலமாக அறிவித்தால் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள்' என்று யாராவது பயந்து பேசும்போது, எரிச்சல்படாமல் உட்கார்ந்து விளக்க வேண்டும் என்கிறேன். அந்தப் பயம் மற்ற சட்டங்களோடு பழகிய அனுபவத்திலிருந்து வருகிறது. அதில் தப்பே இல்லை.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. 37-ஆம் பிரிவை எத்தனை முறை படித்தாலும் 'இங்கே சுரங்கம் கூடாது' என்று நேரடியாக ஒரு வரி கிடையாது. சரணாலயத்துக்கு இருப்பது போன்ற தடைப் பட்டியலும் இல்லை. மக்கள்மேல் கெடுபிடி இல்லாத அறிவிப்புதான், ஆனால் வெளியிலிருந்து வருகிறவரைத் தானே தடுத்து நிறுத்தும் அளவுக்கு அதில் வேலியும் இல்லை.

மலையில் விழும் மழை எங்கே போகிறது

அரிட்டாபட்டியில் காக்க அப்படி என்னதான் இருக்கிறது? பறவைகளைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். நான் தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன், ஊர்க்காரர்களுக்கு மலை என்றாலே முதலில் தண்ணீர்தான்.

ஒரு மொட்டைப் பாறைமேல் மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காது, அப்படியே வழியும். வழியும்போது பாறைக் குழிவுகளில் கொஞ்சம் தங்கும். அதுதான் சுனை. ஆழமான சுனையில் மழை நின்று நெடுநாள் ஆன பிறகும் தண்ணீர் கிடக்கும். ஆட்டுக்கும் அதுதான், குரங்குக்கும் அதுதான். மிச்சத் தண்ணீர் பாறை இடுக்குகள் வழியாக அடிவாரத்துக்கு வந்து, வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்குப் போகும். கண்மாயிலிருந்து மடை வழியாக வயலுக்கு. கண்மாய் நிரம்பினால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்கு. ஒன்றன் கீழ் ஒன்றாக இப்படிக் கண்மாய்கள் கோத்திருக்கும்.

அரசு அறிவிப்பு இந்தப் பகுதியின் நீர்நிலைகளை எண்ணிக் காட்டியது: 7 குன்றுகள், 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், 3 தடுப்பணைகள். ஆனைகொண்டான் கண்மாய் இவற்றில் ஒன்று. ஏரி என்று அரசாணை சொல்வதை மதுரைப் பக்கம் கண்மாய் என்றுதான் சொல்வோம். கண்மாய்க்கரையில் நின்று மலையைப் பார்த்தால், இந்தத் தண்ணீர் அங்கிருந்து வந்தது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. குன்றை வெட்டினால் கண்மாய்க்கு வரத்து நிற்கும். வரத்துக்காலில் கல் கழிவைக் கொட்டினாலும் அதே கதைதான். கிரானைட் குவாரிகளால் குன்றுகளை இழந்த மேலூர் வட்டாரத்துக்கு இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அப்புறம் பறவைகள். ஏறத்தாழ 250 இனங்கள் இங்கே பதிவாகியிருக்கின்றன. அவற்றில் பெரிதாகப் பேசப்படுவது மூன்று வேட்டைப் பறவைகள்: லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லி கழுகு. ஆள் ஏற முடியாத செங்குத்தான பாறை முகங்கள் இவற்றுக்குப் பிடித்தமானவை. குஞ்சுக்கு இரை தேட மட்டும் கீழே இறங்கி வயலுக்கும் கண்மாய்க்கும் பொட்டலுக்கும் வரும். கூடு மலையில், சாப்பாடு சமவெளியில். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லைக் கணக்கு பேசும்போது தேவைப்படும். தேவாங்கு, அழுங்கு என்கிற எறும்புத்தின்னி, மலைப்பாம்பு ஆகியவையும் இங்கே வாழ்கின்றன.

பாறைகளில் மனிதர் கைபட்ட தடங்களும் உண்டு. சமண முனிவர்கள் தங்கிய குகைத்தளம், அதன் முகப்பில் தமிழின் மிகப் பழைய எழுத்து வடிவமான தமிழ்ப் பிராமி. நெல்வேலியைச் சேர்ந்த ஒருவர் இந்தக் குகையைச் செய்வித்துக் கொடுத்தார் என்று சொல்லும் அந்த வரி 'கொடுபிதோன்' என்ற சொல்லோடு முடிகிறது. எழுதி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் நம்மால் ஓரளவு புரிந்துகொள்ள முடிகிற தமிழ் அது. பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில் ஒன்றும், சிவனின் வடிவமாகக் கருதப்படும், தமிழ்நாட்டில் அரிதாகவே காணக் கிடைக்கும் லகுலீசர் சிற்பமும் இங்கே இருக்கின்றன. அறிவிக்கப்பட்ட தலத்தின் இன்னொரு பகுதி மீனாட்சிபுரம். கல்வெட்டு ஆய்வாளர்கள் மாங்குளம் என்று குறிப்பிடும் மலை அந்தப் பக்கம் இருக்கிறது. 1882-இல் ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சீவெல் அங்கே பார்த்துக் குறித்துவைத்தவைதான் முதன்முதலில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள். பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் அவற்றில் இருக்கிறது.

இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் மூன்று துறைகளின் கோப்புகளில் போய்விடும், தண்ணீர் ஒரு துறை, பறவை ஒரு துறை, கல்வெட்டு ஒரு துறை. ஊர்க்காரருக்கு இதெல்லாம் ஒரே மலைதான். உயிரினங்களோடு அந்த இடத்தின் பண்பாட்டையும் சேர்த்துப் பார்க்க இடம் கொடுப்பது இந்த வகை அறிவிப்பின் நல்ல அம்சம் என்று நினைக்கிறேன்.

ஊர் எழுத வேண்டிய புத்தகம்

உயிரியல் பன்மைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஊராட்சி என்றாலும் நகராட்சி என்றாலும் இதே விதிதான். குழுவில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்று 2004-ஆம் ஆண்டு விதிகள் சொல்லின. நல்ல விதி. எந்தச் செடி எங்கே முளைக்கும், எந்தக் கீரை எந்த மாதத்தில் வரும் என்பதெல்லாம் பெரும்பாலும் பெண்களின் கணக்கில்தான் இருக்கிறது.

இந்தக் குழுவின் முக்கியமான வேலை மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிப்பது. ஊர் எல்லைக்குள் உள்ள மரம், செடி, மூலிகை, பயிர் ரகம், மாட்டினம், மீன், பறவை, நீர்நிலை ஆகியவற்றையும், அவற்றைப் பற்றி ஊர்மக்களுக்குத் தெரிந்ததையும் எழுதிவைக்கும் ஆவணம் இது. கேட்க ஏதோ பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கும். ஆனால் பாதுகாப்பு என்ற வேலையில் இதைவிட அடிப்படையான காகிதம் வேறொன்று இல்லை என்பது என் எண்ணம்.

காரணம் சொல்கிறேன். ஒரு குன்றைத் தோண்ட வேண்டும் என்று வருகிறவர்கள் கையில் வரைபடம் இருக்கும், நில அளவை எண் இருக்கும், பாறையின் வேதியியல் அறிக்கை இருக்கும். அந்த வரைபடத்தில் மலை 'தரிசு' என்றோ 'கல்லாங்குத்து' என்றோ இருக்கலாம். எதிரில் நிற்கும் ஊர்க்காரரிடம் இருப்பது நினைவு மட்டும்தான். 'இங்க சுனை இருக்கு சார், எங்க தாத்தா காலத்திலேருந்து வத்துனதே இல்ல' என்பார். அது உண்மைதான், ஆனால் கோப்பில் ஏறாது. அதே சுனை, அதன் பெயர், எந்தப் பாறையின் எந்தப் பக்கம், எந்த மாதம் வரை தண்ணீர் நிற்கும், எந்தெந்த உயிர் வந்து குடிக்கும் என்று பதிவேட்டில் ஏறி, குழுவின் கையெழுத்தோடு இருந்தால் அது ஆவணம். பிறகு வருகிறவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

எழுதும் முறையும் கடினமில்லை. நாற்பது ஆண்டாக அந்த மலையில் ஆடு மேய்க்கிற ஒருவரோடு ஒரு நாள் முழுக்க நடந்தால் பாதிப் பதிவேடு முடிந்துவிடும். பாறைக்குப் பாறை பெயர் இருக்கும், எந்த இடுக்கில் தேன் கட்டும், எங்கே மலைப்பாம்பு கிடக்கும், எந்தப் பக்கம் ஏறினால் கல் சரியும் என்று அவர் சொல்லிக்கொண்டே வருவார். கூட வருகிற கல்லூரிப் பிள்ளைகள் அறிவியல் பெயரையும் படத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆட்டுக்காரர் சொன்ன பெயரை அடித்துவிட்டு நூல் பெயரை மட்டும் எழுதுவது பெரிய தவறு. ஊர்ப் பெயர்தான் அந்த இடம் ஊருக்குச் சொந்தம் என்பதற்குச் சாட்சி.

வருத்தமான விஷயம் என்னவென்றால், பதிவேடு எத்தனையோ ஊர்களில் பேருக்குத்தான் இருக்கிறது. வெளியாட்கள் வந்து ஓரிரு நாளில் பொதுவான பட்டியலை நிரப்பிவிட்டுப் போனால், அது அலமாரியில் இருந்தாலும் ஊரைக் காக்காது.

ஏலம் வந்தபோது

டங்ஸ்டன் மிகக் கடினமான உலோகம், உருகுவதற்கு 3,400 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். துளைக்கும் கருவிகள், வெட்டும் கருவிகள் எல்லாவற்றுக்கும் தேவை. 2023-இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தியபோது, டங்ஸ்டன் உட்பட 24 கனிமங்களை முக்கியக் கனிமங்கள் என்று பட்டியலிட்டு, அவற்றை ஏலம் விடும் அதிகாரத்தை ஒன்றிய அரசு எடுத்துக்கொண்டது. அப்படி நடந்த ஏலங்களில் ஒன்றுதான் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி. ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக 2024 நவம்பர் 7 அன்று அறிவிப்பு வந்தது.

தொகுதியின் பரப்பு 2,015.51 ஹெக்டேர், ஏறக்குறைய ஐயாயிரம் ஏக்கர். அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டி, அ.வல்லாளப்பட்டி, கிடாரிப்பட்டி என்று பல ஊர்களின் வயல்கள், வீடுகள், கண்மாய்கள், கோயில்கள் அதற்குள் அடங்கின. அறிவிக்கப்பட்ட பாரம்பரியத் தலத்தின் பரப்போ 193.42 ஹெக்டேர், 480 ஏக்கருக்கும் குறைவு. தொகுதியின் மொத்தப் பரப்பில் பாரம்பரியத் தலம் சுமார் பத்து சதவீதம்தான் என்று சுரங்க அமைச்சகம் சொன்னது. டிசம்பர் 24 அன்று, தலம் உள்ள பகுதியை விலக்கிவிட்டு எல்லையை மாற்றி அமைக்க முடியுமா என்று ஆராயுமாறு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைக் கேட்டுக்கொண்டது.

முதல் பார்வைக்கு இது நல்ல சமரசம் மாதிரி தோன்றலாம். பத்து சதவீதத்தை விட்டுவிடுகிறார்களே என்று நினைக்கலாம். வல்லூறு கூடு கட்டுவது உள்ளே, இரை தேடுவது வெளியே என்று மேலே சொன்னேன் அல்லவா? தண்ணீருக்கும் அதே கணக்குத்தான். மலையில் விழும் மழை எல்லைக் கல்லைப் பார்த்து நிற்பதில்லை, வெளியே உள்ள கண்மாய்க்குத்தான் போகிறது. சுற்றி நான்காயிரத்துச் சொச்சம் ஏக்கரில் சுரங்கம் நடக்க, நடுவில் குன்றுகள் மட்டும் நின்றால் அங்கே என்ன மிஞ்சும்? எல்லையை மாற்றுவது பற்றிய பேச்சை ஊர்கள் ஏற்கவில்லை. ஏலத்தை முழுசாக ரத்து செய்ய வேண்டும் என்பதில் உறுதியாக நின்றன.

அவர்கள் நின்ற விதத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுவது நடைமுறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 31-இல் வந்ததால் நவம்பர் 1 கூட்டம் நவம்பர் 23-க்குத் தள்ளிப்போனது. ஏலச் செய்தி வந்தது 7-ஆம் தேதி. இடையில் இரண்டு வாரம் கிடைத்தது. 23-ஆம் தேதி கூடிய சபைகளில் ஏலத்துக்கு எதிராகத் தீர்மானங்கள் நிறைவேறின.

கிராம சபைத் தீர்மானம் என்பதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டப்படி, வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர்தான். குறைவெண் உண்டு: 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 பேர் வரை என்றால் 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். கூட்டத்தில் பேசினால் மட்டும் போதாது, தீர்மானப் பதிவேட்டில் பொருள் ஏற வேண்டும். 'மலையைப் பாதுகாக்க வேண்டும்' என்று மொட்டையாக எழுதினால் அதற்குப் பலம் கம்மி. எந்த ஊராட்சி, எந்த மலை, எந்தக் கண்மாய், எந்த அறிவிப்பை எதிர்க்கிறோம், யாரிடம் என்ன கேட்கிறோம் என்று தெளிவாக எழுதி, வந்தவர்கள் கையெழுத்தும் கைநாட்டும் வைத்து, அன்றைக்கே நகலும் கேட்டு வாங்க வேண்டும். (அ.வல்லாளப்பட்டி பேரூராட்சி என்பதால் அங்கே கிராம சபையே கிடையாது. பேரூராட்சிகளில் இருப்பவர்கள் மன்றத் தீர்மானம், மனு என்று வேறு வழி பார்க்க வேண்டும்.)

அதன் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் ஏலத்தை ரத்து செய்யக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று மேலூரில் கடைகள் அடைக்கப்பட்டன. நரசிங்கம்பட்டியிலிருந்து ஆயிரக்கணக்கான பேர் மதுரை தல்லாகுளம் தலைமை அஞ்சல் நிலையத்தை நோக்கி நடந்தார்கள். ஆண்களுக்குச் சமமாகப் பெண்களும் அதில் இருந்தார்கள், நிலம் வைத்திருப்பவர்களோடு வியாபாரிகளும் வந்தார்கள். ஜனவரி 23 அன்று நாயக்கர்பட்டி தொகுதியின் ஏலத்தை ரத்து செய்வதாக ஒன்றிய சுரங்க அமைச்சகம் அறிவித்தது. நவம்பர் 7-இலிருந்து கணக்கிட்டால் 77 நாள்.

இதில் பாரம்பரியத் தல அறிவிப்பின் பங்கு என்ன? அது தனியாக ஏலத்தைத் தடுக்கவில்லை, பார்த்தோம். ஆனால் அது இல்லாமல் இருந்திருந்தால், வெறும் பாறை என்று சொல்லித் தள்ளிவிடுவது சுலபமாக இருந்திருக்கும். இந்த மலையில் என்ன இருக்கிறது என்பதை அரசே இரண்டு ஆண்டுகளுக்கு முன் அரசிதழில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது. போராடியவர்கள் கையில் அந்தக் காகிதம் இருந்தது. காகிதத்தை எடுத்துக் காட்ட ஆள் இருந்தார்கள். இரண்டும் சேர்ந்ததால்தான் காரியம் நடந்தது.

உங்கள் ஊரில் ஒரு குன்று இருந்தால்

அரிட்டாபட்டிக்குப் பிறகு தமிழ்நாட்டில் இன்னும் சில இடங்கள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. 2025-இல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் உள்ள வீரகோயில் கோயில்காடு அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அதன் பரப்பு 4.97 ஹெக்டேர், பன்னிரண்டு ஏக்கர்தான். ஈரோடு மாவட்டத்தில் எலத்தூர் ஏரியும், பிறகு அங்கேயே நாகமலைக் குன்றும் சேர்ந்தன. இந்தியாவில் முதன்முதலில் இந்த அறிவிப்பைப் பெற்றது, 2007-இல், கர்நாடகத்தின் நல்லூர் புளியந்தோப்பு. இடம் சின்னது என்பது தடையே இல்லை. புலியும் யானையும் இருந்தால்தான் காக்க வேண்டும் என்ற எண்ணத்தை இந்தப் பட்டியல் மாற்றும் என்று நம்புகிறேன்.

அறிவிப்பு வருவதற்கு முன்பே செய்யக்கூடியவைதான் அதிகம். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி, கொல்லுகுடிப்பட்டிப் பக்கம் தீபாவளிக்கு வெடி வெடிக்க மாட்டார்கள். கண்மாயில் அடைகாக்கும் பறவை மிரண்டுவிடும் என்பதுதான் காரணம். 1977-இல் அங்கே சரணாலயம் வந்தது, ஊர்க்கட்டுப்பாடு அதற்கும் முந்தியது. வேடந்தாங்கலில் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று ஊர்க்காரர்கள் முறையிட, 1798-இல் கலெக்டர் லயோனல் பிளேஸ் அவர்களுக்குப் பாதுகாப்பு உரிமை எழுதிக்கொடுத்தார். அந்தக் காகிதம் வருவதற்கு முன்பே ஏரியையும் பறவைகளையும் காத்துவந்தவர்கள் அவர்கள்தான்.

மலையில் ஒரு சங்கடமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். பெயர் வெளியே வந்தால் கூட்டம் வரும். சுனையில் சாராய பாட்டில் கிடக்கும், இரண்டாயிரம் ஆண்டு எழுத்துக்குப் பக்கத்தில் யாராவது தன் பெயரைக் கீறிவிட்டுப் போவார்கள், நல்ல படம் கிடைக்கும் என்று கூட்டுக்கு மிக அருகில் டிரோனைப் பறக்கவிடுவார்கள். வேட்டைப் பறவை ஒரு முறை மிரண்டு கூட்டை விட்டால், வெயிலில் முட்டை கெட்டுவிடும், அந்த ஆண்டு குஞ்சே இருக்காது. இதைத் தடுக்க வனத்துறை ஆளை எல்லா நாளும் நிறுத்த முடியாது. அடிவாரத்தில் டீக்கடை வைத்திருப்பவர், 'அந்தப் பக்கம் போகாதீங்க தம்பி, குஞ்சு பொரிச்சிருக்கு' என்று சொல்கிற ஊரில்தான் அது நடக்கும்.

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஏதாவது செய்யலாம் என்று தோன்றினால், முதலில் உங்கள் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஊராட்சிச் செயலர் தேடி எடுக்கச் சற்று நேரம் ஆகலாம், பொறுமையாக இருங்கள். கைக்கு வந்ததும் உங்கள் ஊர்க் குன்றின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதன் சுனைகளும் வரத்துக்கால்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், குன்றை நன்றாகத் தெரிந்த ஒரு பெரியவரை அழைத்துக்கொண்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு காலையிலேயே ஏறிவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் பாறை சுடும்.